போணி நேரம்

தம்பி, அந்தப் பைய மடியில வச்சிக்கிடுங்க. கீழ வச்சா இஞ்சின் சூட்டுக்குப் பொங்கிரும். மாவுதான அது? மூக்கு சொல்லிட்டு. உலகம்மா கடை மாவா? நெனச்சேன். அம்பாசமுத்திரத்துல வேற எந்தக் கடை மாவுக்கும் இந்த உளுந்து வாசனை கிடையாது. தென்காசி வரைக்கும் கொண்டு போறியளா? முடிச்சைக் கொஞ்சம் இளக்கி விட்டுருங்க, காத்து போகட்டும்.

அந்தக் கடைய சொந்தக் கால்ல நிக்க வச்சது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? சொன்னா சிரிப்பிய. இந்தக் கைதான். இந்த வலது கை. பாத்தா சாதாரணக் கை மாதிரிதான் இருக்கும். ஆனா இதுல இருக்க ராசி எங்க ஜில்லாவுல எவனுக்கும் கிடையாது. நான் சொல்லல, ஊரு சொல்லுது. சரி, ஊருன்னா ஊரு பூராவும் சொல்லல. நாலு பேரு சொல்லுதான்.

எம் பேரு சொரிமுத்து. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தேன், முப்பத்தோரு வருசம். நான் விசில் ஊதாம ஒரு வண்டி கிளம்பாது. டிரைவர் ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு என் வாயையே பாத்துட்டு இருப்பான். உள்ள கல்யாண வீட்டுக்காரன் இருப்பான், பரீட்சைக்குப் போற பிள்ளை இருக்கும். நான் வாட்சைப் பாப்பேன், அவங்க என்னையப் பாப்பாங்க. அந்த ஸ்டாண்டுல கடலை வித்தவன் ஒருத்தன், தினமும் என் கையாலதான் போணி பண்ணுவான். மொத பொட்டலம் எனக்கு, மொத காசு என்னோடது. இன்னைக்கு அவனுக்கு மாடி வீடு. மவன் துபாய் போயிக் கட்டினதுன்னு சில பேரு சொல்லுவான். பொறாமை புடிச்ச பயலுக.

ரிடையர் ஆன மறு வருசம் எம் பொஞ்சாதி போய்ட்டா. பேச்சியம்மா. நல்ல பொம்பள தம்பி. நான் எத்தன மணிக்கு வந்தாலும் எனக்கு முன்னால ஒரு வாய் சாப்பிட மாட்டா. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கும் நடக்கும், அஞ்சு மணிக்கும் நடக்கும். கடைசியில வயித்துல புண்ணுன்னாங்க. நேரத்துக்குச் சாப்பிடலையான்னு டாக்டர் என்னையக் கேக்கான். நேரத்துக்குத்தான் சாப்பிட்டா, ஆனா என் நேரத்துக்கு. அவளை எடுக்கிற அன்னைக்கு குளிகை நேரம் வந்துட்டு. குளிகையில ஒண்ணு செஞ்சா அது திரும்பத் திரும்ப நடக்கும்லா? சாவு திரும்ப வரக் கூடாதுன்னு ஒன்றரை மணி நேரம் வாசல்லயே வச்சிருந்தோம். அப்பவும் அவ எனக்காகத்தான் காத்துக் கிடந்தா.

சரி விடுங்க. உலகம்மா கதைக்கு வாரேன்.

அவ எங்க தெருக்காரி. பதினாறு வருசமா பீடி சுத்துனவ. மடியில சொளவை, அதான் முறத்தை, வச்சிக்கிட்டு இலையும் தூளுமா உக்காந்து உக்காந்து நெஞ்சுல சளி கட்டிட்டு. இருமினான்னா ரெண்டு வீடு தள்ளிக் கேக்கும். புருசன் கொத்த வேலைக்குக் கேரளாவுக்குப் போறவன், வந்தா உண்டு வராட்டி இல்ல. ஒரு நா வந்து நிக்கா. "அண்ணாச்சி, உங்க வீட்டு முன்ரூம்பு சும்மாத்தான கிடக்கு. மாவுக் கடை போடலாம்னு இருக்கேன். கிரைண்டருக்கு மகளிர் குழுவுல லோன் சொல்லிட்டாங்க. இனி இந்தச் சொளவை நான் மடியில வைக்கக் கூடாது அண்ணாச்சி. வச்சா நான் இருக்க மாட்டேன்" அப்படிங்கா. கண்ணு கலங்கிட்டு எனக்கு.

நான் சொன்னேன், "ஏட்டி, கடை சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும் வாடகையே வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. தினமும் போணி என் கையால ஆகணும். நான் வந்து மொத ரூவாயைத் தர்ற வரைக்கும் ஒரு பாக்கெட் வெளிய போகக் கூடாது." கையெடுத்துக் கும்பிட்டா. பீடிச் சொளவை அந்தக் கடைச் சுவத்துலயே ஒரு ஆணியில மாட்டினா. மாட்டினது மாட்டினதாவே இருக்கணும்னு சொன்னா.

இங்கதான் என் மூளையப் பாக்கணும் நீங்க. போணியை எப்ப பண்ணணும்? எல்லாரும் ராகு காலம், எமகண்டம் பாத்து ஒதுங்குவான். நான் ஒதுங்கல, தேடிப் போனேன். குளிகை! சாவு திரும்ப வரும்னா யாவாரமும் திரும்பத் திரும்ப வரும்லா? அதனால தினமும் குளிகையில போணி. சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கே குளிகை, அது ரொம்ப வசதி. வெள்ளி ஏழரை. வியாழன் ஒம்பது. புதன் பத்தரை. செவ்வாய் பன்னெண்டு மணி. திங்கள் ஒன்றரை. ஞாயிறு மத்தியானம் மூணு மணி.

என்ன, இட்லி மாவு வாங்க வாரவன் ஞாயிறு மூணு மணிக்கா வருவான்னு கேக்கீய. இதையேதான் அவளும் கேட்டா. நான் சொன்னேன், நல்ல சாமானுக்குச் சனம் காத்திருக்கும். முப்பத்தோரு வருசம் ஒரு ஊரே என் விசிலுக்குக் காத்திருக்கல?

சுவத்துல நானே எழுதி ஒட்டினேன், பஸ் டைம் டேபிள் மாதிரி. கிழமை, போணி நேரம், கிளம்பும் நேரம். கிளம்பும் நேரம் எதுக்குன்னு கேக்கக் கூடாது, அந்தக் கட்டம் இல்லன்னா டேபிள் மூளியா இருக்கும். என் பழைய விசிலையும் எடுத்துக்கிட்டேன். நேரம் வந்ததும் வேட்டிய மாத்திட்டு, திருநீறு பூசிட்டு, மாடிப்படியில இறங்கி வருவேன். சனம் நிக்கும். எல்லாரும் என்னையப் பாப்பாங்க. ஒத்த ரூவாயை எடுத்து அவ கையில வைப்பேன். அவ ஒரு பாக்கெட்டை என் கையில தருவா. விசிலை ஒரு ஊது. அப்புறம்தான் யாவாரம்.

அந்த இறங்கி வர்ற நேரம் இருக்குல்லா தம்பி, பன்னெண்டு படி. அந்தப் பன்னெண்டு படிக்காகவே நான் ராத்திரி தூங்கி எந்திரிப்பேன்னு வச்சிக்கிடுங்க.

ஆழ்வார்குறிச்சி வந்துட்டா? வந்துட்டு. ரெண்டு நாப்பத்தெட்டுக்குக் கடையம் போயிருவான். இந்த டிரைவர் நல்லா ஓட்டுதான். உங்க பை உப்புதே, முடிச்சை இன்னும் கொஞ்சம் இளக்குங்க.

மொத ரெண்டு வாரம் கொஞ்சம் சிக்கல்தான். இந்தச் சனத்துக்குப் பொறுமை கிடையாது. ஜெபராணி டீச்சர்னு ஒரு அம்மா, புதன்கிழமை ஏழு மணிக்கு வந்து நின்னுகிட்டு, "அண்ணாச்சி, பத்தரைக்கு நான் மூணாவது பீரியடு எடுத்துட்டு இருப்பேன். பிள்ளைக பட்டினியாப் போகுது. ஒரு பாக்கெட் குடுக்கச் சொல்லுங்க"ன்னு கத்துது. மேல ஜன்னல் வழியா நான் சுவத்துல இருக்க டேபிளைக் காட்டினேன். அந்தம்மா என்னையத் திட்டின திட்டை அவங்க வேதத்துல எங்க எழுதியிருக்கோ தெரியல.

மொத ஞாயித்துக்கிழமை. சித்திரை வெயிலு. காலைல நாலு மணிக்கு ஆட்டின மாவு. பன்னெண்டு மணிக்கு மூடியத் தூக்கிட்டு, ஒரு மணிக்கு பாத்திரத்த விட்டு இறங்கிட்டு. ரெண்டு மணிக்கு கடை வாசப்படியில வந்து நிக்கி, என்னைய மாதிரியே தெருவைப் பாத்துக்கிட்டு. உலகம்மா ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி உள்ள போடுதா, அது கை இடுக்குல வழிஞ்சு வெளிய வருது. "அண்ணாச்சி, பொங்கி வழியுது அண்ணாச்சி, இறங்கி வாங்க"ன்னு கூப்பிடுதா. எனக்குப் புல்லரிச்சிட்டு. பால் பொங்கினா சந்தோசப்படுதோம்லா? மாவு பொங்கினா எவ்வளவு விசேசம்! நான் மேல இருந்தே சொன்னேன், "பொங்கட்டும் பிள்ள, நல்ல சகுனம், இன்னும் அம்பத்திரண்டு நிமிசம் இருக்கு."

மூணு மணிக்கு இறங்கினேன். வாசல்ல ஒரு நாய் மட்டும் நின்னுது. அது மாவுல பாதியை முடிச்சிருந்துது. நான் ஒத்த ரூவாய வச்சேன், அவ ஒரு பாக்கெட் தந்தா. அது புளிச்ச புளிப்புக்கு மூணு நாளைக்குப் பல்லு கூசிட்டு. ஆனாலும் விசில் ஊதினேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.

அன்னைக்குச் சாயங்காலம் அவ அந்த ஆணியில இருந்து சொளவை எடுத்தா. எடுத்து தூசி தட்டினா. மடியில வைக்கல, கையில பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தா. "லோன்காரங்க வெள்ளிக்கிழமை வருவாங்க அண்ணாச்சி"ன்னா. அப்புறம் இருமினா. எனக்குச் சோறு இறங்கல தம்பி. என் ராசிக்கு என்ன வந்துட்டுன்னு ராத்திரி பூராவும் கையையே பாத்துட்டு இருந்தேன். காலைல எந்திரிச்சு அவகிட்ட சொன்னேன், "பிள்ள, கடை பிழைக்கதுக்கு நீ என்ன செய்யணுமோ செய். ஆனா போணி மட்டும் என் கைதான்." அவ என்னைய ரொம்ப நேரம் பாத்தா. "சரி அண்ணாச்சி"ன்னா.

அடுத்த வாரத்துல இருந்து பாருங்க வேடிக்கைய! நான் இறங்கி வரும்போது மாவே இல்ல. பாத்திரம் எல்லாம் காலி. எனக்குன்னு ஒரே ஒரு பாக்கெட் எடுத்து வச்சிருப்பா. "எல்லாம் எங்கட்டி போச்சு?"ன்னு கேட்டா, "சனம் காலைலயே சொல்லி வச்சிட்டுப் போயிருச்சு அண்ணாச்சி, பாக்கெட் போட்டு உள்ள வச்சாச்சு, இனி உங்க போணி ஆனதும் கொண்டு போயிருவாங்க"ங்கா. பாத்தியளா? எவன் கைக்காவது இந்த ராசி உண்டா? மத்தவன் கை பட்ட பெறவுதான் யாவாரம் ஆகும். என் கை படப் போகுதுன்னு தெரிஞ்சதுமே ஆயிருது.

ஒரே தொந்தரவு, வீட்டுக்குப் பக்கவாட்டுல ஒரு முடுக்கு உண்டு. ரெண்டு பேரு எதிரெதிர வந்தா ஒருத்தன் சுவத்தோட ஒட்டணும், அவ்வளவு குறுகல். எங்க அடுக்களை ஜன்னலும், கீழ கடை ஜன்னலும் அந்தப் பக்கம்தான். முப்பது வருசமா பூனை மட்டும் நடந்த முடுக்கு. திடீர்னு விடிய அஞ்சரை மணிக்கே ஆள் நடமாட்டம். தூக்குவாளி சத்தம், பாத்திரச் சத்தம், ஜெபராணி டீச்சர் சிரிப்புச் சத்தம். இருட்டுல ஒரு கிழவி தடுக்கி விழுந்துட்டான்னு கேள்விப்பட்டேன். கவுன்சிலர் வீட்டுக்கு மூணு நடை நடந்து, மனு குடுத்து, அந்த முடுக்குல ஒரு டியூப் லைட் போட வச்சேன். சனம் எதுக்கு அங்கன போகுதுன்னு நான் கேக்கல. நமக்கு எதுக்கு? விழாமப் போனாச் சரி.

மூணாவது மாசம் வாடகை தர ஆரம்பிச்சிட்டா. நான் வேண்டாம்னேன். "இல்ல அண்ணாச்சி, கடை நின்னுட்டு"ன்னா. சொளவு திரும்ப ஆணிக்குப் போயிட்டு.

அப்பந்தான் இந்தக் கடையத்துக்காரன் வந்தான். தளவாய்னு பேரு. மிஷின்ல பாக்கெட் போட்டு, வேன்ல கொண்டாந்து, எங்க ஊரு பலசரக்குக் கடையில பூராவும் இறக்கிட்டான். பாக்கெட்டுக்கு அஞ்சு ரூவா குறைவு. உலகம்மா முகம் செத்துப் போச்சு. மறுபடியும் பாதி மாவு மிஞ்ச ஆரம்பிச்சிட்டு. நாலு நாளு நானும் பாத்தேன், அவ கண்ணு அந்த ஆணிக்கே போயிட்டுப் போயிட்டு வருது.

அஞ்சாம் நாளு மாடிக்கு ஏறி வந்தா. அவ மாடிக்கு வந்ததே இல்ல. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பேச்சியம்மா படத்துக்கு ஒரு முழம் பூ. "அண்ணாச்சி, உங்க ராசியில என் கடை நின்னுட்டு. இனி எவன் வந்தாலும் விழாது. ஒரு ஆளே உங்க ராசியை வச்சிக்கிட்டா பாவம்லா? அந்தத் தளவாய் பிள்ளைகுட்டிக்காரன். புதுசாத் தொழில் பண்ணுதான். இனிமே உங்க போணி அவனுக்கு இருக்கட்டும். நான் ஆள் விட்டுப் பேசிட்டேன். நான் இப்படி மேல வந்ததுக்குக் காரணமே உங்க கைதான்னு கேட்டதும் அவன் துள்ளிக் குதிக்கானாம்" அப்படிங்கா.

எதிரிக்கும் கை குடுக்குற மனசு, பாருங்க தம்பி. இந்தக் காலத்துல யாருக்கு வரும்? என் கண்ணுல தண்ணியே வந்துட்டு. அவ கண்ணுலயும் வந்துது. "குளிகை தவறாமப் போயிட்டு வாங்க அண்ணாச்சி. முக்கியமா ஞாயித்துக்கிழமை தவறவே கூடாது"ன்னு சொல்லி அனுப்பினா.

ரெண்டு மாசமா போய்ட்டு வாரேன். நமக்குப் பாஸ் உண்டு, டிக்கெட் செலவில்ல. தளவாய் என் பேச்சைத் தட்ட மாட்டான். வாசல்லயே டைம் டேபிள் ஒட்டியாச்சு. என் ராசிக்கு இப்ப அவன் வேன் எங்க ஊருக்கு வாரதே இல்ல. அனுப்ப மாவே மிஞ்சலையாம், வேனையே வித்துட்டானாம். அந்த அளவுக்கு உள்ளூர்லயே தீந்து போகுதுன்னு நெனைக்கேன். ஆனா ஆள் கொஞ்சம் மெலிஞ்சிட்டான். யாவாரம் கூடினா தூக்கம் குறையும்லா?

எங்க வீட்டுலயா? இப்ப காலைல அஞ்சரைக்கே ஷட்டர் சத்தம் கேக்கும். நான் மேல படுத்துக் கிடப்பேன். முன்வாசல்லயே யாவாரம், என் தலைக்கு நேர் கீழ. போன வாரம் ஒரு நா இறங்கிப் போனேன். விசில் எடுத்துட்டுப் போகல, சும்மாத்தான். பன்னெண்டு படி இறங்கினேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. வரிசையில நின்னேன். என் முறை வந்ததும் ஒத்த ரூவாயை நீட்டினேன். உலகம்மா அதைப் பாத்துட்டு, மெதுவா, ரொம்ப மரியாதையா, "நாப்பது ரூவா அண்ணாச்சி"ன்னா. எனக்குப் பின்னால ஏழெட்டுப் பேரு நிக்காங்க. நான் நாப்பது ரூவாயைக் குடுத்தேன். கடை சொந்தக் கால்ல நின்னுட்டுன்னு அன்னைக்குத்தான் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிது. சந்தோசமாத்தான் இருந்துது. மேல போயி கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோசத்துலதான்.

போன் அடிக்கி, ஒரு நிமிசம். ஹலோ... ஆமா தளவாய், வந்துட்டேன், கடையம் எல்லையில நிக்கேன்... மாவு வாசப்படி வரைக்கும் வந்துட்டா? நல்லது... பிள்ளைக அள்ளுதுகளா? அள்ளட்டும், அள்ளட்டும்... இன்னும் பத்து நிமிசம்பா, குளிகை வரணும்லா?

பாத்தியளா தம்பி, எனக்காகக் காத்துக் கிடக்காங்க.

என்ன சொன்னிய? சத்தமாச் சொல்லுங்க, இஞ்சின் சத்தத்துல கேக்கல. ஆரம்பத்துல இருந்தே அந்தக் கடையிலதான் வாங்குதியளா? முடுக்குல? ஜன்னல் வழியா? அஞ்சரை மணிக்கு?

ம்.

யாரோ பெரியவர் மாடியில இருக்காரு, அவருக்குக் கேக்காம மெதுவாப் பேசணும்னு சொல்லுவாளா? ம். நல்ல பிள்ள.

இருட்டுல கஷ்டமா இருந்திருக்குமே. லைட் போட்ட பெறவு பரவால்லையா? வெளிச்சம் காணுதா?

அந்தா பாருங்க, ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல, பச்சை ஷட்டர். எண்ணிப் பாத்துக்கிடுங்க, பதினாலு பேரு. வெயில்ல தலையில துண்டு போட்டுக்கிட்டு நிக்காங்க. அந்தக் கரண்டியத் தூக்கிக் காட்டிட்டு நிக்கவன்தான் தளவாய். கொஞ்சம் வேகமாத்தான் ஆட்டுதான். இந்தச் சட்டைக் காலர் சரியா இருக்கா தம்பி? திருநீறு கலையலையே?

கண்டக்டர், நிறுத்துப்பா, ஆள் இறங்கணும்.

வாரேன் தம்பி. நீங்க ஒண்ணும் தப்பா நெனைக்காதிய, அவகிட்டயும் ஒண்ணும் சொல்லிக்கிட வேண்டாம். தளவாய் கடைக்கு ஜன்னல் கிடையாது. மொத நாளே நான் பின்னால சுத்திப் போயிப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்.